சாப்பாட்டு இடைவேளை இல்லாத காங்கிரஸ்

2019 டிசம்பரில் ஊருக்கு ஃபோன் போட்டு, "காங்கிரசுக்குப் போறேன்பா" என்றேன். அப்பா கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், "ஜெர்மனில கூடக் கட்சிக்கு ஆபீஸ் இருக்கா?" என்றார். ஹேக்கர்கள் கூடும் இடம் என்று விளக்கப் போனால் இன்னும் கலவரமாகிவிடுவார். கம்ப்யூட்டர் பைத்தியங்கள் வருடக் கடைசியில் நாலு நாள் கூடுவார்கள், அவ்வளவுதான் என்று முடித்துக்கொண்டேன். அவருடைய அடுத்த கேள்வி: "சாப்பாடு அவங்களே போட்டுடுவாங்களா?"

அந்தக் கேள்வியை நானும் கேட்டு வைத்திருக்க வேண்டும்.

நான் போனது கேயாஸ் கம்யூனிகேஷன் காங்கிரஸ். 1981-ல் பெர்லினில் தொடங்கிய கேயாஸ் கம்ப்யூட்டர் கிளப், 1984-ல் ஹாம்பர்கில் தன் முதல் காங்கிரசை நடத்தியது. அதிலிருந்து கிறிஸ்துமசுக்கும் புத்தாண்டுக்கும் நடுவே இது ஒரு திருவிழா. 2019-ல் நடந்தது 36-வது. இடம் லைப்சிக் கண்காட்சி வளாகம். கூட்டம் சுமார் 17,000 பேர். அந்த வருடத்துக்கு அவர்கள் வைத்த வாசகம் 'ரிசோர்ஸ் எக்ஸாஸ்ஷன்'. நினைவகமோ வேறெதுவோ மிச்சமில்லாமல் தீர்ந்துபோய் கணினி படுத்துவிடும் நிலைக்குச் சொல்லும் பெயர். என் விஷயத்தில் அது வாசகமாக மட்டும் இருக்கவில்லை.

இரண்டாம் நாள் இரவு பதினொரு மணி இருக்கும். மின்பாகங்களை உலோகம் உருக்கி ஒட்டும் சால்டரிங் மேசையில் உட்கார்ந்திருந்தேன். எல்.இ.டி. மினுக்கும் ஒரு சின்னப் பலகை, பள்ளிப் பிள்ளைகளே செய்துவிடுவார்கள். சிப்பின் மூன்றாவது காலில் நான் வைத்த சால்டர் நான்காவது காலோடு போய் ஒட்டிக்கொண்டது. உறிஞ்சி எடுத்துவிட்டு மறுபடி வைத்தால் இப்போது இரண்டாவதோடு ஒட்டியது. கை ஒரு இடத்தில் நிற்க மாட்டேன் என்கிறது. நெஞ்சு படபடவென்று அடிக்கிறது. டிசம்பர் குளிரில் கழுத்தில் வியர்வை.

எதிரே ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் ஏதோ பழைய ரேடியோவைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தார். என் கழுத்தட்டையில் இருந்த பெயரைப் பார்த்துவிட்டு, "தம்பி தமிழோ?" என்றார். ஆமாம் என்றேன். "கை இப்பிடி நடுங்குது. காலமை தொடக்கம் என்ன சாப்பிட்டனீர்?"

யோசித்துப் பார்த்தேன். காலையில் ரயில் நிலையத்தில் ஒரு பிரெட்ஸல் ரொட்டி. அதற்கப்புறம் மாட்டே என்ற சோடா.

"எத்தினை?"

"நாலு. அஞ்சு இருக்கும்."

"இரும்பை வையும். கையைக் கழுவிப்போட்டு வாரும்."

பதினொன்றரைக்கு ஓர் உரைக்குப் போக வேண்டும் என்று முனகினேன். "அது எங்கையும் ஓடாது. படம் பிடிச்சு நாளைக்குப் போட்டுடுவாங்கள்" என்றார். கண்ணாடிக் கூரை போட்ட அந்தப் பெரிய மண்டபத்தின் ஓரத்தில், ஒரு தூணுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தோம். பையிலிருந்து ஒரு பொதியை எடுத்தார். புட்டு, கத்தரிக்காய்க் கறி, ஒரு ஓரத்தில் சம்பல். ஆறிப்போன புட்டு. நாலு வாய் உள்ளே போன பிறகுதான், எனக்கு எவ்வளவு பசி என்பதே எனக்குத் தெரிந்தது. அதைத்தான் இன்றுவரை யோசித்துக்கொண்டிருக்கிறேன்: பதினாலு மணி நேரம் எனக்குப் பசிக்கவே இல்லை.

கிளப் மாட்டே தெரியாதவர்களுக்கு: தென் அமெரிக்க மாட்டே இலைச் சாற்றில் செய்த, லேசாகப் புகைவாடை அடிக்கும் ஒரு சோடா. ஜெர்மனியில் ஒரு சின்ன ஊர் பியர் ஆலை தயாரிப்பது. ஹேக்கர் கூட்டங்களில் தண்ணீருக்குப் பதிலாக ஓடுவது இதுதான். 'பழகிவிடும்' என்ற அர்த்தத்தில் ஒரு விளம்பர வாசகம் உண்டு. இவ்வளவு நேர்மையான விளம்பரத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. பழகியும் விடுகிறது. 100 மில்லியில் 20 மில்லிகிராம் காஃபின், ஐந்து கிராம் சர்க்கரை. பாட்டில் அரை லிட்டர். ஆக ஒரு பாட்டிலுக்கு 100 மில்லிகிராம் காஃபினும் 25 கிராம் சர்க்கரையும். ஆரோக்கியமான பெரியவர்கள் ஒரு நாளைக்கு 400 மில்லிகிராம் வரை எடுத்துக்கொள்ளலாம், ஒரே தடவையில் 200-ஐத் தாண்ட வேண்டாம் என்பது ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015-ல் சொன்ன கணக்கு. ஐந்து பாட்டில், ஒரு பிரெட்ஸல். கை நடுங்காமல் என்ன செய்யும்? இன்னொன்று, உள்ளே போன காஃபினில் பாதி கழியவே ஐந்து மணி நேரம் போல ஆகும். இரவு எட்டு மணிக்குக் குடித்ததில் பாதி, ஒரு மணிக்குப் படுக்கும்போது உடம்பில் விழித்துக்கொண்டிருக்கும்.

ஆனால் எல்லாப் பழியையும் மாட்டே மேல் போட முடியாது. நம் ஊரில் கல்லூரி விழாவோ, ஏதாவது சங்க மாநாடோ, ஏன், கோடிங் போட்டியோகூட எப்படி நடக்கும்? காலையிலேயே சாப்பாட்டு டோக்கனைக் கையில் கொடுத்துவிடுவார்கள். பேச்சாளர் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் ஒரு மணிக்கு மேல் கூட்டம் நெளிய ஆரம்பித்துவிடும். அமைப்பாளர் மேடையோரம் வந்து வாட்சைக் காட்டுவார். சாம்பாரில் உப்பில்லை என்று நாலு பேர் சொல்வார்கள். இதையெல்லாம் ஒரு காலத்தில் நானும் கிண்டல் செய்திருக்கிறேன். காங்கிரசில் அப்படி ஒரு மணி அடிப்பதே இல்லை. நிகழ்ச்சி நிரலுக்கு 'ஃபார்ப்ளான்' என்று பெயர்; ரயில் கால அட்டவணைக்கு ஜெர்மனில் சொல்லும் அதே சொல். பெயருக்கேற்ப, ஒன்று போனால் அடுத்தது வந்து நிற்கும். காலை பதினொன்றுக்குத் தொடங்கினால் நள்ளிரவு தாண்டியும் ஓடும். எல்லோருக்குமாக ஒரு மதிய இடைவேளை கிடையாது. பிப்ரவரியில் பிரசெல்ஸ் பல்கலைக்கழக வளாகத்தில் நடக்கும் ஃபாஸ்டெம் என்ற திறந்தமூல மென்பொருள் கூட்டமும் இப்படித்தான். அங்கே இன்னும் மோசம். நீங்கள் எழுந்து சாப்பிடப் போனால் அறைக் கதவில் 'நிரம்பிவிட்டது' என்று அட்டை மாட்டிவிடுவார்கள். கிடைத்த இருக்கையை விட மனசு வராமல் மாலை வரை வறுவலிலும் வாஃபிளிலும் ஓட்டுகிறவர்கள் நிறையப் பேர்.

போதாததற்கு வெளிச்சம். டிசம்பர் கடைசியில் வட ஜெர்மனியில் காலை எட்டரைக்கு மேல்தான் சூரியன் வரும். மாலை நாலு மணிக்குப் போய்விடும். முந்தின இரவு மூன்று மணிக்குப் படுத்தவன் பத்து மணிக்கு எழுந்து மண்டபத்துக்குள் நுழைந்தால், வெளியே வரும்போது இருட்டு. உள்ளே எந்நேரமும் ஊதாவும் பச்சையுமாக விளக்கு. இது சாப்பாட்டு நேரம் என்று உடம்புக்குச் சொல்ல உள்ளே ஒன்றுமே இல்லை. சுற்றியிருக்கிற யாரும் எழுந்து போகவில்லை, நமக்கும் தோன்றவில்லை. இங்கே ஆரோக்கியம் கெடுவது பீட்சாவால் என்று பலர் எழுதுகிறார்கள். பீட்சாவையாவது ஒழுங்காக நேரத்துக்குச் சாப்பிட்டிருந்தால் எனக்கு அன்று ஒன்றும் ஆகியிருக்காது.

இதெல்லாம் அவர்களுக்குத் தெரியாமல் இல்லை. அதனால்தான் காங்கிரசில் ஒரு சூத்திரம் உண்டு: 6-2-1. ஒரு நாளைக்குக் குறைந்தது ஆறு மணி நேரத் தூக்கம், இரண்டு வேளைச் சாப்பாடு, ஒரு குளியல். லாஸ் வேகாஸில் ஆகஸ்டில் நடக்கும் டெஃப்கானில் இதையே 3-2-1 என்பார்கள். மூன்று மணி நேரத் தூக்கம்! பாலைவன வெயில், உள்ளே ஏசி, மூன்று மணி நேரத் தூக்கம் என்றால் அது விதியில்லை, பேரம். ஆறு மணி நேரம் என்பது கொஞ்சம் மனுஷத்தனமானது. குளியலைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை. அதை எழுதி வைக்க வேண்டிய அவசியம் ஏன் வந்தது என்பது, மூன்றாம் நாள் மாலை முதல் அரங்கில் நடு வரிசையில் உட்கார்ந்து பார்த்தால் விளங்கும்.

மறுநாள் அந்தப் புட்டு அண்ணையை மறுபடி பார்த்தேன். எண்பதுகளில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர், பல வருடங்களாகக் காங்கிரசுக்குப் போகிறார். அவருடைய முறை ரொம்ப எளிது. நிரலில் தனக்குப் பிடித்த உரைகளைக் குறிக்கும்போதே, பகல் ஒன்றரைக்கும் இரவு எட்டுக்கும் 'சோறு' என்று எழுதி வைத்துவிடுவார். அந்த நேரத்தில் எந்த உரை வந்தாலும் அது விடப்பட்டது. "பெரிய மண்டபத்தில நடக்கிறதெல்லாம் ரெக்கோர்ட் ஆகுது. நாலு பேர் மேசையில இருந்து கதைக்கிறது ஆகுதோ?" என்றார். உண்மைதான். அரங்க உரைகளில் பெரும்பாலானவை சில மணி நேரத்திலோ மறுநாளோ இணையத்தில் இலவசமாக வந்துவிடுகின்றன. தன்னார்வலர்களே அவற்றைப் படம் பிடித்து ஏற்றுகிறார்கள். சின்னச் சின்னப் பட்டறைகளும் சாப்பாட்டு மேசைப் பேச்சும்தான் போனால் போனது. இது தெரியாமல் இரண்டு நாளும் தலைகீழாக நடந்துகொண்டிருந்திருக்கிறேன்.

கையைக் கழுவச் சொன்னாரே, அதிலும் ஒரு விஷயம் இருக்கிறது. பொழுதுபோக்குக்குச் செய்பவர்கள் இன்னும் ஈயம் கலந்த சால்டரைத்தான் விரும்புகிறார்கள். சீக்கிரம் உருகும், நன்றாகப் பிடிக்கும். மேலே எழும் புகை பெரும்பாலும் சால்டரோடு சேர்ந்திருக்கும் ஃபிளக்ஸ் என்ற பிசினிலிருந்து வருவது. அதை மூச்சில் இழுப்பதும் நல்லதில்லை, ஆனால் ஈயம் வயிற்றுக்குள் போவது கை வழியாகத்தான். சால்டர் கம்பியைப் பிடித்த விரலாலேயே சிப்ஸ் எடுத்துத் தின்றால் நேரே உள்ளே போகிறது. சானிடைசர் கிருமியைக் கொல்லும்; ஈயத்தை எடுக்காது. சோப்பும் தண்ணீரும் வேண்டும். கையால் பிசைந்து சாப்பிடுகிற நாம் இதில் இன்னும் கறாராக இருக்க வேண்டும்.

அப்புறம் கொரோனா வந்தது. 2020-லும் 2021-லும் எல்லாம் இணையம் வழியாக. அந்த வருடங்களில் நேரத்துக்குச் சாப்பிட்டேன், அதுவும் சுடச்சுட. 2023 ஆகஸ்டில், இதே கிளப் நான்கு வருடத்துக்கு ஒருமுறை நடத்தும் கோடை முகாம் மில்டன்பெர்கில் நடந்தது. பெர்லினுக்கு வடக்கே, பழைய செங்கல் சூளைகள் இருந்த இடம்; களிமண் தோண்டிய பள்ளங்கள் இப்போது ஏரிகள். ஆயிரக்கணக்கானவர்கள் கூடாரம் அடித்துத் தங்குகிறார்கள், ஒவ்வொரு கூடாரத்துக்கும் அதிவேக இணையம். அந்த இணையக் கருவிகளை வைத்திருப்பது நடமாடும் கழிப்பறைப் பெட்டிகளுக்குள்! மழை படாது, பூட்டலாம், லாரியில் ஏற்றிக் கொண்டுவரலாம். 'டேட்டன்க்ளோ' என்பார்கள், தகவல் கக்கூஸ் என்று தமிழில் தாராளமாகச் சொல்லலாம். அவசரத்தில் ஓடிப் போய்க் கதவைத் திறந்து உள்ளே பச்சை விளக்குகள் மினுக்குவதைப் பார்த்து ஏமாந்தவன் நான் ஒருவன் மட்டுமில்லை என்று நம்புகிறேன்.

அந்தத் தடவை புத்திசாலித்தனமாக இட்லி மாவு அரைத்துக்கொண்டு போனேன். நாலு கிலோ, மூடி போட்ட பிளாஸ்டிக் வாளியில். வெயில் காலம், மூச்சு முட்டும் ரயில். பெர்லின் தாண்டி அரை மணி நேரத்தில் வாளி மூடி 'டப்' என்று எழும்பியது. பொங்கிய மாவு வாளியின் பக்கவாட்டில் இறங்கி, பையை நனைத்து, எதிர் இருக்கையில் இருந்த பாட்டியின் காலணியை நோக்கி மெதுவாக நகர்ந்தது. அவர் காலைத் தூக்கிக்கொண்டு, கைப்பையிலிருந்து ஒரு முழுக் காகிதக் கைக்குட்டைப் பொட்டலத்தை எடுத்து என்னிடம் நீட்டினார். ஒரு வார்த்தை கேட்கவில்லை. மிச்சம் இருந்த மாவில் முகாமில் ஊத்தப்பம் ஊற்றினேன். இந்தக் கூட்டங்களில் 'ஃபுட் ஹேக்கிங் பேஸ்' என்று ஒரு குழு உண்டு. உணவைப் புளிக்க வைப்பதுதான் அவர்களுடைய ஹேக்கிங். கிம்ச்சி, மிசோ என்று ஏதாவது ஒன்று ஜாடிக்குள் எப்போதும் நுரைத்துக்கொண்டிருக்கும். புளித்த மாவு என்றதும் அவர்கள் பக்கமிருந்து வந்த ஒருவர் ஒரு கிண்ணம் கிம்ச்சி கொடுத்துவிட்டு இரண்டு ஊத்தப்பம் வாங்கிக்கொண்டு போனார். மிளகாய்ப்பொடிக்கு ஈடில்லை, ஆனால் மோசமும் இல்லை.

அந்த டிசம்பரில் காங்கிரஸ் ஹாம்பர்குக்குத் திரும்பியது, டாம்டோர் ரயில் நிலையத்தை ஒட்டிய மாநாட்டு மையத்துக்கு. இந்த முறை திட்டத்தோடு போனேன். முதலில் ஒரு நாட்காட்டி விஷயம்: ஜெர்மனியில் டிசம்பர் 24 மதியத்தோடு கடைகளை மூடுவார்கள். 25, 26 விடுமுறை. நம் ஆட்கள் 26 மாலை வந்து இறங்கி, வாழைப்பழம் வாங்கக்கூடக் கடை இல்லாமல் அலைவதைப் பார்த்திருக்கிறேன். பெரிய ரயில் நிலையங்களுக்குள் இருக்கும் கடைகள் மட்டும் திறந்திருக்கும். ஞாயிற்றுக்கிழமை நடுவில் வந்தாலும் இதே கதை. அதற்கு முன்பே வாங்கி வைத்துவிட வேண்டும். குழாய்த் தண்ணீரைத் தாராளமாகக் குடிக்கலாம். ஒரு காலி பாட்டில் போதும்.

சைவச் சாப்பாட்டுக்குக் காங்கிரசில் பஞ்சமில்லை. வீகன் உணவு இல்லாத கடையைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஆனால் விலையும் வரிசையும் உண்டு. நான் கண்டுபிடித்த வழி அவல். சமைக்க வேண்டாம், அடுப்பு வேண்டாம். கெட்டியான சிவப்பு அவலை வீட்டிலேயே லேசாக வறுத்து, கடுகு, கடலைப்பருப்பு, வேர்க்கடலை, காய்ந்த மிளகாய், கறிவேப்பிலை தாளித்துப் போட்டு, உப்பும் பெருங்காயமும் கலந்து டப்பாவில் அடைத்துக்கொள்வேன். விடுதி அறையில் கெட்டில் இருக்கும். ஒரு கப் அவலுக்கு முக்கால் கப் கொதிக்கும் வெந்நீர் ஊற்றி, எவர்சில்வர் டப்பாவை இறுக மூடிப் பத்து நிமிடம் விட்டால் உப்புமா. தாளிக்காத அவலைத் தனியாக எடுத்துப் போனால் தயிர் ஊற்றி ஊறுகாயோடு சாப்பிடலாம். ஜெர்மன் கடைத் தயிர் இதற்கு அருமையாக இருக்கும். (கெட்டிலைப் பயன்படுத்துமுன் இரண்டு தடவை தண்ணீர் கொதிக்கவைத்துக் கொட்டிவிடுங்கள். ஏன் என்று கேட்காதீர்கள்.) பத்தரைக்கு இது உள்ளே போய்விட்டால், அப்புறம் ஒரு மாட்டே குடித்தாலும் கை நிற்கிறது. என் கணக்கு இப்போது ஒரு நாளைக்கு இரண்டு பாட்டில், மாலை நாலு மணிக்குப் பிறகு கிடையாது. சூரியனோடு அதையும் முடித்துக்கொள்வது.

இன்னொரு வழி, வேலை செய்து சாப்பிடுவது. காங்கிரசை நடத்துவதே தன்னார்வலர்கள்தான். அவர்களுக்கு 'ஏஞ்சல்' என்று பெயர். ஷிஃப்ட் பார்க்கும் ஏஞ்சல்களுக்குத் தனிச் சமையலறை, சூடான சாப்பாடு. நான் எடுத்தது காலி பாட்டில் பொறுக்கும் வேலை. மண்டபம் மண்டபமாக வண்டி தள்ளிக்கொண்டு போய், பாட்டில்களைக் கிரேட்டில் அடுக்க வேண்டும். குனிந்து நிமிர்ந்து மூன்று மணி நேரம். முடிந்ததும் ஒரு தட்டு பருப்புக் குழம்பு மாதிரி ஒன்றும் ரொட்டியும் கிடைத்தது. உப்பு கம்மிதான். ஆனால் நாலு நாளில் எனக்கு நிஜமாகப் பசித்தது அன்றைக்குத்தான், இரவு விழுந்ததும் தூங்கினதும் அன்றைக்குத்தான்.

உட்கார்ந்தே இருப்பதன் ஆபத்தை நாம் லேசாக எடுத்துக்கொள்கிறோம். நியூசிலாந்தில் 32 வயதுக்காரர் ஒருவர் தினமும் பன்னிரண்டு மணி நேரம், சில நாள் பதினெட்டு மணி நேரம் கணினி முன் இருந்து, காலில் கட்டிய ரத்தம் நுரையீரல் வரை போய் உயிருக்கே ஆபத்தானது. 2003-ல் அந்த மருத்துவர்கள் அதற்கு 'இ-த்ராம்போசிஸ்' என்று பெயர் வைத்து எழுதினார்கள். நீண்ட விமானப் பயணத்தில் வருவது போலத்தான். ஹாம்பர்கில் மாநாட்டு மையத்தை ஒட்டியே ஒரு பெரிய பூங்கா. பகல் சாப்பாட்டுக்கு அப்புறம் அதில் ஒரு சுற்று நடந்தால், கால் நீள்வதோடு அன்றைய வெயிலையும் கண்ணால் பார்த்தாயிற்று. உள்ளே யாருக்காவது நிஜமாகவே முடியாமல் போனால், காங்கிரசின் சொந்தத் தொலைபேசி வலையமைப்பில் 112-ஐ அழுத்தினால் அவர்களுடைய மருத்துவ உதவிக் குழு ஓடிவரும். இதைப் போன உடனே மனப்பாடம் செய்துகொள்வது நல்லது.

இவ்வளவு செய்தும் சளிக்காய்ச்சலுக்குத் தப்பவில்லை. டிசம்பர் கடைசி, மூடின மண்டபம், பதினாலாயிரம் பேர் அளவுக்குக் கூட்டம். புத்தாண்டு அன்று 38 டிகிரிக் காய்ச்சலோடு மிளகு ரசம் வைத்தேன். அடுத்த வருடம் கூட்டமான அரங்கில் மட்டும் முகக்கவசம் போட்டேன், சாப்பாட்டு மேசையில் கழற்றினேன். அந்த முறை வரவில்லை. கவசத்தாலா, ஆறு மணி நேரம் தூங்கியதாலா, அதிர்ஷ்டமா, எனக்குத் தெரியாது.

அன்றிரவு லைப்சிக்கில் புட்டுக்காக விட்ட உரையின் பதிவு மறுநாளே வந்துவிட்டது. அதை 'பிறகு பார்க்க' வரிசையில் போட்டேன். நடுவில் ஒருமுறை நாலு நிமிடம் பார்த்தேன், ஏதோ ஃபோன் வந்தது. இன்னும் அங்கேயே இருக்கிறது.